தண்ணீருக்கு மேலே மூன்று கோடு

ஏழாம் அத்தியாயம்

உலகப்பன் செட்டியார் ஏறி உட்கார்ந்ததும் ஓடம் விளிம்புவரை முங்கியது. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஓடம். அதில் மூன்று பேர், ஒரு மூட்டை அரிசி, ஒரு அரிக்கேன் விளக்கு. கையைத் தொங்கவிட்டால் விரல் தண்ணீரில் நனைந்தது.

“ஐயா, மூச்சை மெதுவா விடுங்க. நீங்க ஒரு பெருமூச்சு விட்டா நாம மூணு பேரும் முதலைக்குப் பலகாரம்” என்றேன்.

“வாயை மூடிக்கிட்டு வாடா அர்ச்சுனா. இந்த ஓடத்துல உன் வாய்தான் அதிக கனம்.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அது எவ்வளவு உண்மை என்று மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது.

பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டவன் பெயர் அவாங். ஆற்றங்கரையில் மலாய்க்காரர்கள் வாழும் கம்பத்தின் தலைவர் எங்களோடு அனுப்பிய ஆள். தலையில் துண்டு, இடுப்பில் சாரோங், அதில் செருகிய கத்தி, காடாக வளர்ந்த தாடி, வாய் நிறைய வெற்றிலை. வெயிலில் காய்ந்து அடுப்புக்கரி நிறத்தில் இருந்தான். எதைக் கேட்டாலும் “இயா, துவான்” என்பான், ‘சரி ஐயா’ என்று. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

தமிழ் தெரியாத ஆள் பக்கத்தில் இருந்தால் நம்மவர்களுக்கு ஒரு தைரியம் வரும் பாருங்கள். கடைக்காரன் முகத்துக்கு நேராகவே அவன் சரக்கைத் திட்டுவோம். ரயிலில் எதிரே இருப்பவன் மூக்கைப் பற்றி ஜொகூர் பாருவரை பேசிக்கொண்டே போவோம். நானும் நம்மவன்தானே!

“கேஸை முதல்லேர்ந்து சொல்லு” என்றார் செட்டியார். “காதால கேட்டாத்தான் எனக்கு ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும்.”

அது அவர் பழக்கம். துப்பறிய வருவதற்கு முன்னால் அவர் கோர்ட்டில் துவிபாஷி. சாட்சிகள் தமிழில் சொல்லுகிற பொய்யை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பழகியவர். எழுதியதைப் படித்தால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது.

எனக்கென்ன, ஆரம்பித்தேன். “செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். ரப்பர் விலை விழுந்ததிலேர்ந்து பாதி லயத்து வீடு காலி, மீதிப் பேரை அரட்டி மிரட்டி வேலை வாங்குறாங்க. சின்ன துரை வந்து கருப்பாயி அக்காவோட பால் வாளியை எட்டி உதைச்சான். ஏன்னு கேட்டதுக்குப் பிரம்பால ஒண்ணு வச்சான். பக்கத்து நிரையில பாலுக்காக மரம் வெட்டிக்கிட்டிருந்தது அக்காவோட தம்பி மூர்த்தி. ஓடி வந்து துரை கன்னத்துல விட்டான் ஒரு அறை.”

“எத்தனை பேர் பார்த்தாங்க?”

“எஸ்டேட்டே பார்த்துச்சு. பார்த்துட்டு யாரும் பார்க்கலைன்னுச்சு. அக்கா புருஷன் ஐயாசாமி அன்னிக்கே மச்சானைக் கூட்டிக்கிட்டு நாம போற இதே தாசேக் ஏரிக்கு வந்து, தார்ப்பாயும் அரிசியும் குடுத்து ஒளிய வச்சுட்டுத் திரும்பினான். தீபாவளி முடிஞ்ச வாரம் போலீஸ் அவனைப் புடிச்சு நாலு தட்டு தட்டினதும் அவனே வழி காட்டிக் கூட்டிட்டு வந்தான். வந்து பார்த்தா கூடாரம் இருக்கு, மூர்த்தி இல்லை. ரத்தத்துல தோய்ஞ்ச துண்டு ஒண்ணு கிடக்குது. துரையை அடிச்சதுக்கு முந்தின வாரம்தான் மாமனும் மச்சானும் கள்ளுக்கடையில கட்டிப் புரண்டதை ஊரே பார்த்திருக்கு. போதாதா? கொலைக் கேஸ்.”

“ஐயாசாமி என்ன சொல்றான்?”

“‘நான் உயிரோடதான் விட்டுட்டு வந்தேன்’. அதையே சொல்றான். யார் நம்புறா? திங்கக்கிழமை காலையில ஜொகூர் பாரு கோர்ட்டுல தீர்ப்பு. அன்னிக்குள்ள நாம எதையாவது கொண்டுபோய்க் காட்டலைன்னா ஆளுக்குக் கயிறுதான்.”

செட்டியார் தாடையைத் தடவினார். “மூர்த்தியை நாம பார்த்ததில்லை. படமும் கிடையாது. அவனைக் கண்டுபிடிக்க நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு.”

“தெரியுமே, சுண்ணாம்பு! அக்கா வீட்டுத் தூணைத்தான் பார்த்தோமே!” எனக்குச் சிரிப்பு வந்தது. வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கிடைத்த இடத்தில் தடவிவிட்டுப் போவார்கள். மூர்த்தி அப்படியில்லை. மூன்று கோடாக இழுப்பான், விபூதிப் பட்டை மாதிரி. லயத்து வீட்டில் அவன் குந்துகிற இடத்துத் தூண் முழுக்கப் பட்டை. “அந்தத் தூணைப் பார்த்தா கும்புடத் தோணுது ஐயா. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மூர்த்தி செத்துப் போயிருந்தாத்தான் அவனுக்கு மரியாதை. உயிரோட எங்கேயோ உட்கார்ந்து வெத்தலை மென்னுக்கிட்டு, தன்னைக் காப்பாத்தின அக்கா புருஷனைத் தூக்குக்கு அனுப்புறான்னா, அவனும் ஒரு மனுஷனா?”

துடுப்பு எதிலோ மோதியது. ஓடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

“அலமாக்! பார்த்துப் போப்பா!” என்று கத்தினேன்.

“இயா, துவான்” என்றான் அவாங்.

“அவன் உயிரோட வந்து நின்னாலும் துரையை அடிச்ச குத்தம் இருக்குடா” என்றார் செட்டியார். “ஜெயில். அப்புறம் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவான். பொறந்ததே இந்த எஸ்டேட்டுல. அங்க அவனுக்கு யாரு இருக்கா? கோழைன்னு சொல்றது சுலபம்.”

அதற்குப் பிறகு நான் முதலைகளைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு வந்தேன்.

தாசேக் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கஷாய நிறத் தண்ணீர். சுற்றிலும் கால் வைத்தால் உள்ளே இழுக்கிற சதுப்புக் காடு. நடுவே நாலு வீடு கட்டுகிற அளவு ஒரு மண்மேடு, அதில் கிழிந்த தார்ப்பாய்க் கூடாரம். மனிதக் குரல் கேட்காத இடம். கம்பத்துக்காரர்கள் பேய் இருக்கிறதென்று இந்தப் பக்கம் வருவதே இல்லை. வழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று தலைவர் சொல்லியிருந்தார். ஒருவன் அவாங். இன்னொருவன் லாக்கப்பில் இருக்கிற ஐயாசாமி.

சோறு பொங்கித் தின்றோம். அவாங் மட்டும் தொடவில்லை. தனியாகக் கரையில் குந்தி வெற்றிலை போட்டுவிட்டு, விரலைச் சாரோங்கிலே துடைத்துக்கொண்டான். “பாருங்க ஐயா, நாகரிகம் தெரிஞ்ச மனுஷன்” என்று நான் பாராட்டினேன். என்னை எதால் அடிக்கலாம்!

காலையில் செட்டியார் என்னை உலுக்கி எழுப்பினார். மேட்டின் அந்தப் பக்கம் கூட்டிப்போய் ஒரு மரத்தைக் காட்டினார். மேலே, மிக மேலே, பட்டையில் வெள்ளையாய் மூன்று கோடு.

கையை உயர்த்திப் பார்த்தேன், எட்டவில்லை. குதித்தேன், அப்போதும் எட்டவில்லை.

“ஐயா, மூர்த்தி அவ்வளவு உயரமா? இல்லே, செத்த பின்னாடி வளர்ந்துட்டானா?”

“அக்கா என்ன சொன்னா? ‘என் தோளுக்குத்தான் வருவான்’னா. அப்ப வளர்ந்தது எது?”

“மரம்?”

“மண்டு. ஒரு மழைக்கு மரம் அவ்வளவு வளருமா? பக்கத்து மரத்தையெல்லாம் பாரு.”

பார்த்தேன். எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில் சேற்றுக் கறை, கோல் வைத்து இழுத்தது போல. மூன்று கோடு அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தது. உட்கார்ந்திருக்கிற மனிதன் கையை நீட்டினால் எட்டுகிற அளவுக்கு மேலே.

“வளர்ந்தது தண்ணி” என்றேன்.

“மார்கழி வெள்ளம். இந்த மேடே முங்கியிருக்கு. ஓடத்துல உட்கார்ந்துக்கிட்டு இந்த மரத்தைப் புடிச்சு நிறுத்தி, வெத்தலை போட்டுத் தடவியிருக்கான். தீபாவளி முடிஞ்ச வாரத்துலேர்ந்து ஐயாசாமி லாக்கப்புல. செத்துப்போன மூர்த்தி மார்கழியில இங்க வந்து சாவகாசமா வெத்தலை போடுறான். அர்ச்சுனா, அவன் உயிரோட இருக்கான்டா!”

நான் ஆடிவிட்டேன். உண்மையாகவே ஆடினேன், செட்டியாரையும் இழுத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்த மரப்பட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டால் நாளைக்கே ஜொகூர் பாரு. “அவாங்! அவாங்!” என்று கத்திக்கொண்டே மேட்டைத் தாண்டி ஓடினேன்.

ஓடம் இல்லை.

கட்டியிருந்த மரம் இருந்தது. கட்டிய கயிறு இல்லை. தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை. மரத்தில், ஓடத்தில் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில், மூன்று கோடு. தொட்டேன். சுண்ணாம்பு ஈரமாக விரலில் ஒட்டியது.

பின்னால் மூச்சிரைக்க வந்த செட்டியார் அதைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“அவன் உள்ளங்கையில ஒரு தழும்பு இருந்துச்சு” என்றார் மெதுவாக. “துடுப்புப் போடும்போது பார்த்தேன். ஆழமா கிழிஞ்சு ஆறின தழும்பு. துண்டுல இருந்த ரத்தம் அதுதான். பார்த்தேன்டா, யோசிக்கலை. தேடி வந்த ஆளையே துடுப்புப் போட வச்சு இங்க வந்து இறங்கியிருக்கோம்.”

“நான் பேசினதெல்லாம்...”

“ஒரு வார்த்தை விடாம கேட்டிருக்கான்.”

ஐயாசாமி மாட்டிக்கொண்டதே அவனுக்கு என் வாயால்தான் தெரிந்திருக்க வேண்டும். கம்பத்தில் போய் ஒதுங்கியவனுக்கு எஸ்டேட் சேதி எப்படிப் போகும்? திரும்பி வந்தால் ஜெயில், கப்பல் என்பதையும் நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தோம். அவனும் ஒரு மனுஷனா என்று கேட்டது யார்? நான். அவன் முதுகுக்குப் பின்னால்கூட இல்லை, முகத்துக்கு நேரே!

அன்று முழுக்க முட்டாள்தனமாக எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். நான் சதுப்பில் இறங்கினேன். நெஞ்சளவு உள்ளே போய்விட்டேன். செட்டியார் தார்ப்பாயைக் கிழித்து வீசி இழுத்தார். நீந்தலாமென்று நினைத்தேன். எதிர்க்கரையில் கட்டை மாதிரி கிடந்தது தண்ணீரில் நழுவி இறங்கியது. அந்த யோசனையை விட்டேன். ஈர விறகை மூட்டினோம். கண் எரிந்ததுதான் மிச்சம், புகையைப் பார்க்க ஆளில்லாத காடு அது. தொண்டை கட்டும்வரை கத்தினோம். குரங்குகள் பதில் சொல்லின.

“வழி தெரிஞ்சவன் ரெண்டு பேர்” என்றேன். “ஒருத்தன் ஓடிட்டான். இன்னொருத்தன் உள்ள இருக்கான். பிரமாதம்.”

கூடாரத்துக்குள் அரிசியை எடுக்கப் போன செட்டியார் கையில் ஒரு தகர டப்பாவோடு வந்தார். பழைய சிகரெட் டப்பா. திறந்தால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, எல்லாம் அப்படியே இருந்தன.

“அரிசி மூட்டை மேல வச்சிருந்தான்” என்றார். “சொல்லு. ஓடிப்போற வெத்தலைக்காரன் எதை மறப்பான்?”

“பொண்டாட்டியைக் கூட மறப்பான். டப்பாவை மறக்கமாட்டான்.”

“அதைத்தான் சொல்றேன். அரிசியை விட்டுட்டான். கத்தியை விட்டுட்டான். இதையும் விட்டுட்டான். லாக்கப்புல வெத்தலை விடமாட்டாங்கடா. அது செல்லாத இடத்துக்குத்தான் அவன் போயிருக்கான். வழியெல்லாம் விரலைச் சாரோங்குல துடைச்சவன், போகும்போது மட்டும் ஏன் கோடு போட்டான்? நான்தான்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போறான்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாழாய்ப்போன என் வாய் சும்மா இருக்குமா? “இல்லே, ‘கண்டுபுடிச்சீங்களா, போங்கடா’ன்னு பழிச்சுட்டுப் போனானோ? டப்பாவைப் பதட்டத்துல மறந்தானோ?”

செட்டியார் டப்பாவை மூடி வைத்தார். “இருக்கலாம்” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஞாயிறு மழையில் போனது. திங்கள் விடிந்தது. வெயில் ஏறியதும் செட்டியார் தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இப்ப கூட்டிட்டு வந்து நிறுத்தியிருப்பாங்க” என்றார். “வெளியில பெஞ்சுல கருப்பாயி. நீதிபதி இங்கிலீஷ்ல வாசிப்பாரு. அவனுக்கு ஒண்ணும் புரியாது. எல்லார் மூஞ்சியையும் பார்ப்பான். கடைசியா துவிபாஷி மூஞ்சியைப் பார்ப்பான்.”

“ஐயா, விடுங்க.”

“உனக்குத் தெரியாதுடா. நீதிபதி சொல்லிட்டு எழுந்து போயிருவாரு. ‘உன்னைத் தூக்குல போடுவாங்கப்பா’ன்னு அவன்கிட்ட தமிழ்ல சொல்றவன் நான். ஒருத்தன் என்னைப் பார்த்து, ‘நல்லாக் கேட்டுச் சொல்லுங்க சாமி, வேற ஏதாச்சும் சொல்லியிருப்பாரு’ன்னான். அன்னிக்கு விட்டேன் அந்த வேலையை.”

இத்தனை வருஷம் கூடச் சுற்றியும் இது எனக்குத் தெரியாது. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லி நான் செய்த நல்ல காரியம்தான் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே, அவர் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். ஒரு உயிர் போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கரையில் குந்தியிருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. கையும் காலும் நன்றாக இருந்தன, அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அடுத்த நாளும் போனது. அரிசி அடிமட்டத்துக்கு வந்தது. செட்டியாருக்குக் காய்ச்சல் கண்டது. “மூணு கோடு, மூணு கோடு” என்று முனகிக்கொண்டு கிடந்தார். கிழிந்த தார்ப்பாயை அவர்மேல் போர்த்திவிட்டு நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் துடுப்புச் சத்தம் கேட்டது.

ஓடத்தில் ஒரே ஒரு ஆள். மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், சட்டைக்குள் எலும்பு. அவாங் இல்லை. சின்ன துரை அனுப்பிய ஆளாக இருக்குமோ என்று பயந்து விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

“யாரு? அங்கேயே நில்லு! யாரு நீ?”

அவன் துடுப்பை மடியில் வைத்துக் கும்பிட்டான்.

“ஐயாசாமிங்க” என்றான். “உங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்.”

கட்டை என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்ற நாங்கள் புறப்பட்டு வந்த ஆள், எங்களைக் காப்பாற்ற ஓடம் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறான்! பின்னால் செட்டியார் தார்ப்பாயைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். அவன் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஓடம் நகர்ந்த பிறகு ஐயாசாமி சொன்னான்.

“நீதிபதி வர்றதுக்கு முன்னாடிங்க. தாடியும் சாரோங்குமா ஒருத்தன் வந்து கருப்பாயி பக்கத்துல உட்கார்ந்தான். யாரோன்னு அவ நகர்ந்து உட்கார்ந்தா. ‘அக்கா, நான்தான்’னான். அவ போட்ட சத்தத்துல கோர்ட்டே எழுந்துருச்சுங்க. செத்தவன் வந்து நின்னுட்டா அப்புறம் கொலை ஏது? என்னை விட்டுட்டாங்க.”

“மூர்த்தி?” என்றார் செட்டியார்.

“என் கையில இருந்த விலங்கைக் கழட்டினாங்க. அதையே அவன் கையில போட்டாங்க. துரையை அடிச்ச கேஸ். கப்பல் ஏத்திருவாங்கன்னு பேசிக்கிறாங்க.” அவன் துடுப்பை இழுத்துப் போட்டான். “கருப்பாயி அழுதுக்கிட்டே இருக்கா. நான் வந்ததுக்கா, அவன் போறதுக்கான்னு எனக்குத் தெரியலை. அவகிட்ட கேக்கவும் முடியலை.”

“எங்களையும் கூட்டிக்கிட்டே போயிருக்கலாமே!” என்றேன் நான்.

“நானும் கேட்டேங்க. ‘புடிச்சுக்கிட்டு வந்தாங்கன்னு பேரு வரக்கூடாது மாமா, நானா வந்தேன்னு இருக்கணும்’னான். வெத்தலை டப்பாவை மட்டும் அக்காகிட்ட குடுத்துரச் சொன்னான்.”

டப்பா என் மடியில் இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு ஐயாசாமி தயங்கித் தயங்கி என்னைப் பார்த்தான். “உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கச் சொன்னான். என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாது. வாய் ஓயாம பேசுவாரே ஒரு தம்பி, அவருகிட்ட கேளுன்னான்.”

“என்ன?”

“‘இப்ப நான் மனுஷனா’ன்னு.”

செட்டியார் திரும்பி என்னைப் பார்த்தார். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் நாக்கு நுனியில் வைத்திருப்பவன் நான்.

“இன்னொரு துடுப்பு இருக்காண்ணே?” என்று மட்டும் ஐயாசாமியிடம் கேட்டேன். அவன் காலடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தான். கம்பம் வரும்வரை நானும் சேர்ந்து துடுப்புப் போட்டேன்.